காலண்டர் தாளில் ஒரு பொட்டலம்: காவிரிக் கரையில் நாலு நாள்

பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. ஸ்டில் லைஃப் வகுப்பு என்றால் மேஜைமேல் எப்போதும் அதே சாமான்தான்: பிளாஸ்டிக் ஆப்பிள் மூன்று, பீங்கான் ஜாடி ஒன்று, மடிப்பு விழ விரித்த நீலத் துணி. போன மாதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ், இது யார் வீட்டுச் சாமான்?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை. அந்த ஜாடி அவள் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. அந்தக் கேள்வி மனதைவிட்டுப் போகவே இல்லை.

ஆடிப்பெருக்கை ஒட்டி நாலு நாள் கிடைத்தது. அம்மா பிறந்தது மாயவரம் பக்கம். சின்ன வயதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. பழைய ஐரோப்பிய ஸ்டில் லைஃப் படங்கள் நாலைக் கலரில் பிரிண்ட் எடுத்து ஒரு கோப்பில் போட்டுக்கொண்டேன். ஒரு வரைபட நோட்டு, பென்சில் பை. திருப்பூரில் ரயில் ஏறினேன்.

ஜூலை 31, வியாழன். தஞ்சாவூர்

வெயில் காலை ஒன்பது மணிக்கே முதுகைச் சுட்டது. மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்துவிட்டதால் வழியெல்லாம் வாய்க்கால் நிறையத் தண்ணீர். குறுவை பச்சைப் பசேல் என்று நின்றது. கண்ணுக்குத்தான் குளிர்ச்சி, உடம்புக்கு இல்லை.

அரண்மனை கலைக்கூடத்தில் வேறெதையும் பார்க்காமல் ரிஷபவாகனர் முன்னால் போய் உட்கார்ந்தேன். திருவெண்காட்டில் கிடைத்தது, 1011-ஆம் ஆண்டு வார்த்தது. சிவன் காளைமேல் கை சாய்த்து நிற்கிறார், காளை இல்லை. கை மட்டும் அது இருந்த உயரத்தில் இளைப்பாறிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டு தொங்குகிற விதத்திலேயே காளையின் முதுகு தெரிகிறது. ஒரு மணி நேரம் அந்தக் கையை மட்டும் வரைந்தேன். இல்லாத ஒன்றை இத்தனை தெளிவாகக் காட்டிய கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மதியம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, 110 ரூபாய். வத்தக்குழம்பு பிரமாதம். பரிமாறியவர் என் நோட்டை எட்டிப் பார்த்து, "கை மட்டும் போட்டிருக்கீங்களே, ஆளு எங்கம்மா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கரண்டி சாதம் வைத்தார்.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு தெருவில் தஞ்சாவூர் ஓவியம் போடும் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூளும் கோந்தும் கலந்த மக்கு வைத்து நகைகளை மேடாக்கி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுகிற வேலை. வெண்ணெய்க் கிருஷ்ணன். குழந்தையின் முகத்துக்குச் சமமாகச் சட்டியும் பெரிதாக இருந்தது. சட்டி ஏன் இத்தனை பெரிசு என்று கேட்டேன்.

"சட்டிய எடுத்துட்டா அது யார் வீட்டுப் புள்ளையோம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வகுப்புப் பெண் கேட்ட அதே 'யார் வீட்டு'. கோப்பைத் திறந்து அவரிடம் ஒரு படத்தைக் காட்டினேன். ஸ்பெயின் நாட்டு யுவான் சான்செஸ் கோட்டான் 1602 வாக்கில் வரைந்தது. இருட்டான ஜன்னல் ஒன்று. அதில் ஒரு சீமை மாதுளையும் ஒரு முட்டைகோஸும் கயிற்றில் தொங்குகின்றன, கீழே விளிம்பில் வெட்டிய முலாம்பழம், ஒரு வெள்ளரிக்காய். மனிதர் யாரும் இல்லை. இந்த மாதிரிப் படங்கள் வரைந்தவர் 1603-இல் கடையை மூடிவிட்டு மடத்தில் சேர்ந்துவிட்டார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "உறியில தொங்கவுட்டுருக்கான். அழுவாம இருக்கத்தானே?" அதேதான். அந்தக் காலத்து ஸ்பெயின் சமையலறைகளில் காய்கனி சீக்கிரம் அழுகாமலிருக்க அப்படிக் கட்டித் தொங்கவிடுவார்கள். புத்தகத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் உறியை வைத்துச் சொல்லிவிட்டார். கிருஷ்ணன் திருடுகிற வெண்ணெயும் உறியில்தானே இருந்தது!

சாயங்காலம் பெரிய கோவில் வாசலில் வறுத்த கடலை, பொட்டலம் 20 ரூபாய். தினசரி காலண்டர் தாளைக் கூம்பாகச் சுருட்டி, அடியைத் திருகி, கடலையைக் கொட்டிக் கொடுத்தார் அந்த அம்மா. புல்தரையில் உட்கார்ந்து பாதி தின்ற பிறகுதான் தாளைப் பார்த்தேன். ஜூன் 24, செவ்வாய். ராகு காலம் 3.00 முதல் 4.30. ராசிபலன் பாதி கிழிந்து 'மேஷம் – வரவு' வரை இருந்தது. எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருந்த கடலையின் சிவப்புத் தோல் தெரிந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. என் கோப்பில் இதே பொட்டலம் இருக்கிறது. ஹாலந்தின் ஹார்லெம் நகரத்து பீட்டர் க்ளாஸ் 1627-இல் வரைந்த விருந்து மேஜை. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருப்பது. இறகு செருகிய, வான்கோழிக் கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம், சங்கில் செய்த கிண்ணம், பாதி தோலுரித்த எலுமிச்சை, சீனப் பீங்கான். இத்தனை பணக்காரச் சாமான்களுக்கு நடுவில் மிளகு ஒரு காகிதக் கூம்பில் கிடக்கிறது. பஞ்சாங்கத்திலிருந்து கிழித்த தாள் அது. முடிந்துபோன நாட்களைச் சுருட்டி மிளகு கட்டியிருக்கிறார்கள். காலம் கழிவதைச் சொல்ல அவர் மண்டை ஓட்டைத் தேடிப் போகவில்லை, மளிகைக் கடையில் அன்றாடம் கிடைக்கிற ஒன்றை மேஜையில் வைத்தார். பலமுறை வகுப்பில் காட்டிய படம்தான். அது பொட்டலம் என்பது கையில் ஒன்றைப் பிடித்தபோதுதான் உறைத்தது.

தாளைப் பத்திரமாக நோட்டில் வைத்தேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி. நாச்சியார்கோவில், கும்பகோணம்

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. பித்தளையை உருக்கி, காவிரி வண்டலில் செய்த அச்சில் ஊற்றி, பாதம் தனி, தண்டு தனி, அகல் தனி, உச்சி அன்னம் தனியாக வார்க்கிறார்கள். பிறகு கடைசல் பிடித்து, மரை போட்டு ஒன்றோடொன்று முடுக்குகிறார்கள். விலை கிலோவுக்கு இவ்வளவு என்று எடைக்கணக்கு. நான் கேட்ட இடத்தில் 1,100 சொன்னார்கள்.

பட்டறைக்காரர் அறுபது வயதுக்காரர். ஆசிரியை என்றதும் ஸ்டூல் எடுத்துப் போட்டு, "உக்காருங்க டீச்சரம்மா, சூடு அடிக்கும், தள்ளி உக்காருங்க" என்றார். அவரிடம் கோப்பிலிருந்து இன்னொரு படத்தைக் காட்டினேன். அதே பீட்டர் க்ளாஸ் 1630-இல் வரைந்தது, ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது. மண்டை ஓடு, சட்டைப்பைக் கடிகாரம், கவிழ்ந்த கண்ணாடிக் குவளை, சுடர் போன திரி. இந்த வகைக்கு வனிட்டாஸ் என்று பெயர். 'எல்லாம் மாயை' என்ற பைபிள் வசனத்திலிருந்து வந்த சொல். செல்வம் கொழித்த ஊரில், வீட்டுச் சுவரிலேயே மாட்டி வைத்துக்கொண்டார்கள்.

அவர் மண்டை ஓட்டைக் கண்டுகொள்ளவே இல்லை. விரல் நேராகத் திரிக்குப் போனது. "யாரு அமத்துனது?"

"யாரும் இல்லீங்கய்யா, தானா எரிஞ்சு முடிஞ்ச மாதிரி..."

"தானா முடியவுட்டா அது வீட்டுல இருக்கறவங்க தப்பு. எண்ண ஊத்தணும்ல?"

அவர் மனைவி உள்ளேயிருந்து, "அணைச்சாச்சுன்னு சொல்லவே மாட்டோம் டீச்சர். குளுர வச்சாச்சுன்னு சொல்லுவோம், மலையேறிடுச்சும்போம்" என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இதுவரை நான் யோசித்ததில்லை: ஒரு பொருளின் ஒரு நிலைக்குப் பெயர் சொல்லக்கூட நாக்கு கூசுகிற அளவுக்கு அந்தப் பொருள் நமக்கு உயிராக இருக்கிறது. அந்த நிலையைத்தான் டச்சு ஓவியர் தேடிப் பிடித்து வரைந்தார். இரண்டு பேரும் விளக்கை ஒரே அளவு மதித்தவர்கள்தான் என்று எனக்குப் படுகிறது. மதிப்பில்லாத ஒன்று அணைந்தால் யாருக்கு என்ன?

கிளம்பும்போது கடைசல் முடிந்த ஒரு குடம் வாசலில் இருந்தது. குனிந்தேன். குடத்தின் வயிற்றில் என் முகம் அகன்று தெரிந்தது. அதற்குப் பின்னால் வாசல் வெளிச்சம் ஒரு கீற்று, கூரை, குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பையனின் கை. க்ளாரா பீட்டர்ஸ் என்ற பெண் ஓவியர் 1611-இல் வரைந்த ஒரு படத்தில், கோப்பையின் புடைப்புகளில் தன் முகத்தைக் குட்டிக் குட்டியாக வரைந்து வைத்திருக்கிறார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பூ, உலர்ந்த பழம், பிஸ்கட் என்று மேஜைச் சாமான் வரைந்தவர், 'நான் இங்கே உட்கார்ந்திருந்தேன்' என்று அதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். என் கோப்பின் நாலாவது படம் அது. குடத்தை வரைந்தேன். என் முகத்தையும் சேர்த்து. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

கும்பகோணத்தில் காபி 35 ரூபாய். டபராவின் விளிம்பு உதட்டைச் சுட்டது. நல்ல காபி, அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வெற்றிலைக் கடையில் அதிக நேரம் நின்றேன். கொழுந்து வெற்றிலையை ஈரத்துணிக்குள் அடுக்கி வைத்திருந்த அக்கா, கவுளியாகக் கட்டிக்கொண்டே பேசினார். சும்மா வரைய ரெண்டு இலை போதும் என்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார். பாக்கும் ரெண்டு எடுத்து இலைமேல் வைத்து, "வெறும் வெத்தலயா குடுக்கக் கூடாது" என்று நீட்டினார். இரண்டு இலை, இரண்டு பாக்கு. இது கைமாறினால் நம் ஊரில் கல்யாணமே நிச்சயம். கையெழுத்து, பத்திரம் எதுவும் இல்லாமல் எத்தனை தலைமுறையை இந்த இலை கட்டிவைத்திருக்கிறது.

லாட்ஜில் தூக்கம் வரவில்லை. ஏசி இரவெல்லாம் சத்தம் போட்டது, காற்று வரவில்லை. வேறொன்றும் இருந்தது. வனிட்டாஸ் நமக்கு இல்லை என்று பகலில் நினைத்தது தப்பு. ஐந்து வருஷத்துக்கு முன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தபோது தம்பி தோளில் தண்ணீர்க் குடம் வைத்துச் சுற்றி வந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் அரிவாள் முனையால் ஒரு துளை. தண்ணீர் அவன் முதுகில் வழிந்தது. மூன்றாம் சுற்று முடிந்து, திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டு உடைத்தான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்றார்கள், நான் போனேன், பார்த்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எந்த மண்டை ஓட்டுப் படமும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நாம் அதை வரைந்து சுவரில் மாட்டுவதில்லை. ஒருமுறை உடைக்கிறோம், வீட்டுக்கு வந்து குளிக்கிறோம், வாசலில் விளக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி. நாகப்பட்டினம், நாகூர், மழை

நாகைக்குப் போக எனக்கு ஒரு காரணம் இருந்தது. க்ளாஸ் வரைந்த அந்தப் பொட்டல மிளகுக்கும் இந்தக் கரைக்கும் உறவு உண்டு. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1602. கிழக்குத் தீவுகளில் மிளகும் சாதிக்காயும் கிராம்பும் வாங்க வெள்ளியைவிட நன்றாகச் செல்லுபடியானது சோழமண்டலக் கரையின் துணி. இங்கே நெய்த துணியை ஏற்றிக்கொண்டு போய் அங்கே வாசனைப் பொருளாக மாற்றினார்கள். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690 வாக்கில் பழவேற்காட்டிலிருந்து தலைமையிடத்தையும் இங்கே மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். ஹார்லெமில் ஒருவர் மிளகுக் கூம்பை வரைந்துகொண்டிருந்தபோது, அதன் விலையைத் தறியில் உட்கார்ந்து கட்டியவர்கள் இந்தக் கரையில் இருந்தார்கள். படத்தில் அவர்கள் யாரும் இல்லை. ரிஷபவாகனர் பக்கத்தில் காளை இல்லாதது போல. ஆனால் அந்தச் சிற்பியின் கை காளையை மறக்கவில்லை.

துறைமுகத்தில் காற்று உப்பாக அடித்தது. மீன் சாப்பாடு 160 ரூபாய், வறுத்த மீன் தனி. தட்டில் எலுமிச்சை மூடி ஒன்று வைத்தார்கள். டச்சுப் படங்களின் தோலுரித்த எலுமிச்சைக்குப் புத்தகங்களில் ஒரே பொருள் சொல்வார்கள்: வெளியே அழகு, உள்ளே புளிப்பு, உலகத்தின் இன்பமும் அப்படித்தான். அதே நேரம் எதிர்க்கடை வாசலில் ஒரு புது ஸ்கூட்டரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது கையில் கொடுப்பதும் எலுமிச்சைதான். அம்மன் கழுத்திலும் அதுதான் மாலை. பழம் ஒன்று, அது வைக்கப்படுகிற இடம்தான் பேசுகிறது. எலுமிச்சை என்றால் இது, மெழுகுவர்த்தி என்றால் அது என்று அகராதி மாதிரி பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். அடுத்த வகுப்பில் அதைத் திருத்த வேண்டும். கலை வரலாறு படித்தவர்களிலேயே, ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பாடம் உண்டு என்கிறவர்களும், உற்றுப் பார்த்து வரைந்த இன்பமே போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். நம் மொழியில் சாமானுக்கும் அர்த்தத்துக்கும் பொருள் என்று ஒரே சொல்தானே இருக்கிறது.

நாகூரில் இறால் வாடா சுடச்சுட. தர்கா வாசலில் ஒரு பாய் என்னைத் தனியாகப் பார்த்து, "கூட்டத்துல பைய முன்னாடி மாட்டிக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மாயவரம் பஸ்ஸில்தான் கஷ்டம். காரைக்கால் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. என் ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. கண்டக்டரும் நானும் இழுத்துப் பார்த்தோம், துரு ஏறி இறுகிப்போயிருந்தது. நோட்டைப் புடவைக்குள் வைத்துக் காப்பாற்றிவிட்டேன். மடியில் இருந்த கோப்பு நனைந்துவிட்டது. பிரிண்ட் மை கரைந்து, கோட்டானின் முட்டைகோஸ் பச்சையாக ஒழுகியது. அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு வந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. கூடையை மூடியிருந்த வாழை இலையை எடுத்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒன்றாக வைத்து அடுக்கிக் கொடுத்தார். "இப்ப ஒட்டாது" என்றார். இறங்கும்போது முழம் கதம்பம் கொடுத்தார். நான் நீட்டிய 50 ரூபாயில் 20 எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினார். நாலு படத்தில் பொட்டலம் இருக்கிற படம் மட்டும் முழுசாகத் தப்பியது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடி 18, மாயவரம் துலாக்கட்டம்

காலை ஐந்தரைக்கே படித்துறையில் நிற்க இடமில்லை. நடு ஆற்றில் நந்தி மண்டபம், சுற்றிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர். மழை விட்டு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. சின்னப் பிள்ளைகள் குட்டிச் சப்பரங்களைத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். மரச் சக்கரம் ஈரத்தில் வழுக்கியது.

படி முழுக்க வாழை இலை. ஒவ்வொரு இலையிலும் ஒரு குடும்பம் தன் சாமான்களைப் பரப்பியிருந்தது. மஞ்சளில் பிடித்த பிள்ளையார், காப்பரிசி, நாவல்பழம், விளாம்பழம், பேரிக்காய், சுருட்டிய காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, அகல். எது எங்கே என்று யாரும் யோசிக்கவில்லை, கை தானாக வைத்தது. விளாம்பழத்தின் சாம்பல் ஓட்டுக்குப் பக்கத்தில் நாவல்பழத்தின் கருநீலம், அதன்மேல் மஞ்சள் கயிறு. இதைவிட நல்ல அமைப்பை என்னால் மேஜையில் வைக்க முடியாது. யார் வீட்டுச் சாமான் என்று இங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஒரு புது ஜோடி எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தது. பெண்ணின் மடியில் துணிப்பை. அதிலிருந்து கல்யாண மாலைகள் இரண்டையும் எடுத்து இலைமேல் வைத்தாள். தை மாதக் கல்யாணமாம். ரோஜா இதழ் கறுத்து, தொட்டால் பொடிகிற அளவு காய்ந்திருந்தது. சம்பங்கி பழுப்பாகி நாராகச் சுருங்கியிருந்தது. நடுவில் சுற்றிய ஜரிகை மட்டும் அன்றைக்குக் கட்டிய மாதிரியே மின்னியது. வாடிய பூ டச்சு ஓவியர் கையில் கிடைத்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே மாமியார் அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். இந்த நாளுக்காக ஆறு மாதமாக அதைப் பீரோவுக்குள் காப்பாற்றியிருக்கிறார்கள்.

"கொஞ்சம் வரையட்டுமா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள், அவர் மாமியாரைப் பார்த்தார். "வரைங்க, ஆனா நல்ல நேரம் போறதுக்குள்ள விட்டுடணும்" என்றார் மாமியார்.

ஜரிகை முடிச்சில் ஆரம்பித்தேன். முடிச்சு, அதிலிருந்து தொங்கும் குஞ்சம், முதல் வரிசை ரோஜா. காய்ந்த இதழின் விளிம்பு வெளிப்பக்கம் சுருண்டு, நரம்பு புடைத்திருந்தது. பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கறுப்பு வரவில்லை. பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர், "கைய நீட்டு பாப்பா" என்று என் இடது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார். வலது கை வரைந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது வரிசைக்குப் போகும்போது மாமியார் எழுந்துவிட்டார். ஜோடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கியது. மாலை கையைவிட்டுப் போனதும் முதலில் முழுசாக மிதந்தது, பிறகு இதழ்கள் தண்ணீரைக் குடித்து மறுபடி சிவந்த மாதிரி இருந்தது. நந்தி மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போய், மற்ற வீட்டு மாலைகளோடு சேர்ந்துவிட்டது. எது அவர்களுடையது என்று தெரியவில்லை.

நோட்டில் முடிச்சும் குஞ்சமும் ஒன்றரை வரிசைப் பூவும் இருக்கிறது. பக்கத்தில் ஒரு ரோஜா இதழ் உதிர்ந்து ஒட்டிக்கொண்டது, அதை அப்படியே விட்டிருக்கிறேன். ஈரப் புடவையோடு மேலே ஏறி வந்த அந்தப் பெண் படத்தைப் பார்த்து, "பாதிதான் இருக்கு" என்றாள். பிறகு வாழை இலைத் துண்டில் காப்பரிசி வைத்துக் கொடுத்தாள். வெல்லம் கொஞ்சம் தூக்கல். தேங்காயைப் பல்லுப் பல்லாக நறுக்கிப் போட்டிருந்தார்கள்.